பாட்டிலும் பயமும் கருவறை வரை... பச்சிளம் குழந்தையின் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது எது?

பிறந்து இரண்டு நாளான குழந்தையைப் பார்க்கப் போனால் பாட்டி நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுவார். "வெளியில இருந்து வர்றீங்க, கை கால் கழுவிட்டு வாங்க" என்பார். முத்தம் கொடுக்கக் கூடாது. சளி, இருமல் என்றால் அறைக்குள்ளேயே வரக் கூடாது. "பச்ச உடம்பு" என்ற ஒரே வார்த்தையில் காரணத்தையும் சொல்லி முடித்துவிடுவார்.

பாட்டியின் கெடுபிடி சரியானதுதான். பிறந்த குழந்தையிடம் சொந்த நோய் எதிர்ப்பு சக்தி கொஞ்சம்தான் இருக்கிறது. மீதியெல்லாம் அம்மாவிடம் வாங்கிய கடன். அந்தக் கடன் கைமாறுவது கர்ப்ப காலத்தில். அப்போது அம்மாவின் ரத்தத்தில் மது கலந்தாலும், ஓயாத பயமும் பதற்றமும் கலந்தாலும் கணக்கு கெட்டுப்போகிறது என்பதை 50 வருடங்களுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் காட்டுகின்றன. நம் வீடுகளில் கர்ப்பிணிகள் குடிப்பது அரிது. ஆனாலும், 'நமக்குச் சம்பந்தமில்லை' என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏன் என்பதற்குப் பிறகு வருவோம்.

அம்மா கொடுக்கும் கவசம்

அம்மா தன் வாழ்நாளில் சந்தித்த கிருமிகள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் எல்லாவற்றின் நினைவும் அவர் ரத்தத்தில் 'ஆன்டிபாடி' என்ற எதிர்ப்புப் புரதங்களாக இருக்கிறது. அவற்றில் ஐஜிஜி என்ற வகை மட்டும் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். பெரும்பகுதி போவது கடைசி மூன்று மாதங்களில்தான். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் இது அம்மாவுக்குச் சமமாகவோ, சற்றுக் கூடுதலாகவோகூட இருக்கும். கர்ப்பிணிக்கு டி.டி. தடுப்பூசி போடுவதன் சூட்சுமமும் இதுதான். ஊசி அம்மாவின் கையில், டெட்டனஸுக்கு எதிரான பாதுகாப்பு குழந்தையின் தொப்புளுக்கும் சேர்த்து.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிடும் குழந்தைக்கு இந்தக் கவசம் அரைகுறையாகத்தான் கிடைக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கும் இது நிரந்தரம் இல்லை. மாதங்கள் போகப் போகக் கரைந்து, ஆறு மாதத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதற்குள் குழந்தையின் சொந்தப் படை தயாராக வேண்டும். இடைப்பட்ட காலத்துக்குச் சீம்பாலும் தாய்ப்பாலும் கைகொடுக்கின்றன. அவற்றில் இருக்கும் ஐஜிஏ என்ற வேறு வகை ஆன்டிபாடி, குடலின் உட்சுவரில் காவல் நிற்கிறது.

மதுவுக்கு வடிகட்டி கிடையாது

நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மது விஷயத்தில் அது நடப்பதில்லை. அம்மா குடித்த சிறிது நேரத்திலேயே குழந்தையின் ரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு ஆல்கஹால் சேர்ந்துவிடும். அம்மாவின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும். குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் பழகவில்லை. போதாக்குறைக்குப் பனிக்குட நீரிலும் ஆல்கஹால் தங்கும். குழந்தை அந்த நீரைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்குத் தெளிந்த பிறகும் குழந்தைக்குத் தெளிய நேரமாகும்.

1968-ல் பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தைகள் நல மருத்துவர், மதுப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளை ஆராய்ந்து எழுதினார். பிரெஞ்சில் வந்த கட்டுரை என்பதால் வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் சகாக்களுடன் சேர்ந்து 8 குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதிய பிறகுதான் 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்ற பெயரே வந்தது. அப்போது எல்லோரும் பார்த்தது முக அமைப்பை, வளர்ச்சிக் குறைவை, மூளைப் பாதிப்பை.

இந்தக் குழந்தைகள் அடிக்கடி காய்ச்சலில் படுக்கிறார்களே, காதில் தொற்று, நுரையீரலில் தொற்று என்று திரும்பத் திரும்ப வருகிறார்களே என்ற கேள்வி அடுத்து எழுந்தது. 1981-ல் வந்த ஓர் ஆய்வு அவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, எதிர்ப்பு சக்தியின் முக்கியப் படையான லிம்போசைட் செல்களே குறைவாக இருந்தன.

அதற்குப் பிறகு அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் பச்சிளம் குழந்தை மருத்துவர் தெரசா கோதியே இதை நுரையீரலில் தேடினார். நம் நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் ரோந்து சுற்றுகின்றன. மூச்சோடு வரும் கிருமியைப் பிடித்து அப்படியே விழுங்கிவிடுவது அவற்றின் வேலை. கர்ப்பத்தில் மது கொடுக்கப்பட்ட கினி பன்றிகளின் குட்டிகளிடம் இந்தச் செல்கள் இருந்தன, ஆனால் கிருமியை விழுங்கவில்லை. காரணம், செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளை மது தீர்த்துவிட்டிருந்தது. ஆள் இருக்கிறார், கையில் லத்தி இல்லை என்பது போன்ற நிலை. மனிதர்களிடமும் அவர் குழு தேடியது. கர்ப்பத்தில் அதிகமாகக் குடித்த அம்மாக்களின் குழந்தைகளுக்கு, நிறைமாதத்தில் பிறந்திருந்தாலும், பிறந்தவுடன் தொற்று வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

எவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை? உலக சுகாதார நிறுவனத்தில் தொடங்கி எல்லா மருத்துவ அமைப்புகளின் பதிலும் ஒன்றுதான்: கர்ப்பத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. பீர், ஒயின், கள் எதுவானாலும் உள்ளே போவது அதே ஆல்கஹால்.

அரிஷ்டமும் பிராந்தியும்

"எங்க வீட்டுப் பொண்ணுங்க குடிக்கிறதில்லையே" என்பது இந்த இடத்தில் இயல்பாக வரும் பதில். உண்மைதான். 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் மது அருந்துவதாகச் சொன்ன தமிழ்நாட்டுப் பெண்கள் 1 சதவீதம்கூட இல்லை.

ஆனால், குடிக்கிறோம் என்று தெரியாமலே உள்ளே போவதும் உண்டு. பிரசவமான பெண்ணுக்குப் பல வீடுகளில் தசமூலாரிஷ்டம் கொடுக்கிறார்கள். அரிஷ்டம் என்றாலே புளிக்க வைத்துத் தயாரிப்பது. அதில் 5 முதல் 10 சதவீதம் வரை தானாக உருவான ஆல்கஹால் இருக்கும் என்று பாட்டில் லேபிளிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு ஸ்பூனில் போகும் அளவு குறைவுதான், பதற வேண்டியதில்லை. ஆனால் கர்ப்பத்தின்போதோ, பால் கொடுக்கும்போதோ இதை எடுத்துக்கொள்வதை மகப்பேறு மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை. சில இருமல் டானிக்குகளும் இதே ரகம். இன்று குழந்தைக்கு நாம் புகட்டும் கிரைப் வாட்டரிலேகூட, 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவானபோது ஆல்கஹால் இருந்தது என்றால் நம்புவீர்களா? பிறகுதான் நீக்கினார்கள்.

பச்சிளம் குழந்தைக்குச் சளி பிடித்தால் ஒரு சொட்டு பிராந்தி, பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் தாங்க ஒரு மூடி பிராந்தி என்ற வழக்கமும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இதை மட்டும் தயங்காமல் நிறுத்திவிடலாம். 'கொஞ்சம் பீர் குடித்தால் பால் ஊறும்' என்பதும் வெளிநாடுகளில் நெடுங்காலமாக இருந்த நம்பிக்கை. 1991-ல் பிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அம்மா மது அருந்திய பிறகு பால் குடித்த குழந்தைகள் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் குடித்தன. ஆல்கஹாலும் தாய்ப்பாலில் அப்படியே இறங்கியிருந்தது.

சுருங்கிப்போன தைமஸ்

இனி இரண்டாவது விஷயம். மன அழுத்த ஹார்மோன். பெயர் கார்ட்டிசால். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. நாய் துரத்தினால் ஓடவைக்கும் ஏற்பாட்டில் இதற்கும் பங்கு உண்டு. ஆபத்து நேரத்தில் எரிபொருளைத் திரட்டித் தரும். 'இப்போதைக்கு அவசரமில்லை' என்று எதிர்ப்பு சக்தியின் வேலைகள் சிலவற்றைத் தள்ளிப்போடும். அரை மணி நேரத்துக்கு என்றால் சரி. மாதக்கணக்கில் என்றால்?

இதற்குப் பதில் தெரியாமல் மருத்துவ உலகம் செய்த பெரிய தவறு ஒன்று உண்டு. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. எதிர்ப்பு சக்தியின் தளபதிகளான டி செல்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் அது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயதாக வயதாகச் சுருங்கும். 19-ம் நூற்றாண்டில் இந்த வேலை யாருக்கும் தெரியாது. திடீரென்று இறந்துபோன குழந்தைகளை அறுத்துப் பார்த்த மருத்துவர்களுக்கு அவர்களின் தைமஸ் 'மிகப் பெரிதாக' இருப்பதாகத் தோன்றியது. அது மூச்சுக்குழலை அழுத்தியிருக்குமோ, உடல்வாகிலேயே கோளாறோ என்று சந்தேகித்தார்கள். 1889-ல் வியன்னாவின் அர்னால்ட் பால்டாஃப் இதற்கு ஒரு நோய்ப் பெயரே வைத்தார்.

உண்மையில் அந்தக் குழந்தைகளின் தைமஸ்தான் சரியான அளவில் இருந்தது. மருத்துவர்கள் அதுவரை பார்த்துப் பழகியிருந்தது, பசியிலும் நெடுநாள் நோயிலும் வாடி இறந்த ஏழைக் குழந்தைகளின் தைமஸை. அந்தக் குழந்தைகள் பட்ட பாட்டில் ஊறிய ஹார்மோன் தைமஸைச் சுருக்கியிருந்தது. சுருங்கியதையே 'நார்மல்' என்று எடுத்துக்கொண்டதால், நார்மலாக இருந்தது நோயாகத் தெரிந்தது. விளைவு பயங்கரம். 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளின் தைமஸை எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிச் 'சரி' செய்தார்கள். கழுத்தில் பட்ட கதிர் அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோயைக் கொடுத்தது. 1950-ல்தான் இந்தத் தொடர்பு வெளிச்சத்துக்கு வந்தது.

இதற்கு நடுவில், 1936-ல், கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் எலிகளைப் பலவிதமாகத் துன்புறுத்திப் பார்த்தார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு என எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒரே மாதிரி மூன்று மாற்றங்கள் வந்தன: அட்ரினல் வீங்கியது, வயிற்றில் புண் வந்தது, தைமஸ் சுருங்கியது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்' என்ற கருத்து மருத்துவத்துக்குள் வந்தது அந்த எலிகளால்தான்.

கருவறையின் கதவு

அம்மாவின் கார்ட்டிசால் அப்படியே குழந்தைக்குப் போகுமா? போகாது. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவலுக்கு இருக்கிறது. உள்ளே வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடும். கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே கார்ட்டிசால் இயல்பாகக் கூடும் என்பதால் இந்தக் காவல் அவசியம். அன்றாட டென்ஷன், மாமியாரோடு சின்ன மனஸ்தாபம், ஆபீஸ் டெட்லைன் இவற்றையெல்லாம் இந்தக் காவலாளி சமாளித்துவிடுவார். 'நேத்து அழுதுட்டேனே, குழந்தைக்கு என்ன ஆகுமோ' என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழுத்தம் கடுமையாக, நீண்டகாலமாக இருந்தால்தான் காவல் தளர்கிறது. இந்த நொதியைத் தடுக்கும் பொருள் ஒன்று நம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. தொண்டைக் கரகரப்புக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம்தான் அது. அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் இந்த நொதியின் வேலையைக் கெடுக்கும். அதிமதுர மிட்டாய் தின்பதில் பேர் போன நாடு ஃபின்லாந்து. அங்கே கர்ப்பத்தில் அதை ஏராளமாகத் தின்ற அம்மாக்களின் குழந்தைகளை ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 8 வயதில் பரிசோதித்தபோது, அவர்களின் கார்ட்டிசால் அளவு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. கர்ப்பிணிகள் அதிமதுரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசு நிறுவனமே இப்போது சொல்கிறது. எப்போதோ ஒரு துண்டு தின்றதால் ஒன்றும் ஆகாது. தினமும் கஷாயம் வைத்துக் குடிப்பது வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஸ்டீராய்டு கெட்டது' என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. குறைப்பிரசவ அபாயம் இருக்கும் கர்ப்பிணிக்கு மருத்துவமனையில் போடும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் ஊசியும் இதே ஹார்மோன் குடும்பம்தான். அது குழந்தையின் நுரையீரலை விரைவாகப் பக்குவப்படுத்தி உயிரைக் காக்கிறது. 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் நிரூபித்தது இது. மருத்துவர் அந்த ஊசியைப் போடச் சொன்னால் மறுக்கவே கூடாது.

குரங்குக் குட்டிகளும் பனிப்புயல் பிள்ளைகளும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் கோவும் சகாக்களும் கர்ப்பமான ரீசஸ் குரங்குகளைத் தினமும் பத்து நிமிடம் இருட்டறையில் வைத்து, எதிர்பாராத நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்கவைத்தார்கள். வாரத்தில் 5 நாள், 6 வாரம். அவ்வளவுதான். அடி இல்லை, பட்டினி இல்லை. அந்தக் குரங்குகளுக்குப் பிறந்த குட்டிகளின் குடலில் பிஃபிடோ, லாக்டோ என்ற நல்ல பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. எதிர்ப்பு செல்களுக்கு 'யார் நண்பன், யார் எதிரி' என்று முதல் பாடம் சொல்லிக்கொடுப்பவை இந்த நல்ல பாக்டீரியாக்கள்தான். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 56 மனிதக் குழந்தைகளிடம் 2015-ல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. கர்ப்பத்தில் அதிக மன அழுத்தமும் அதிக கார்ட்டிசாலும் இருந்த அம்மாக்களின் குழந்தைகளுக்குக் குடலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குறைவு, ஒவ்வாமைத் தொல்லைகள் அதிகம்.

இன்னொரு சோதனையை இயற்கையே நடத்தியது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உறைபனி மழை கொட்டியது. மின்கோபுரங்கள் பனியின் எடை தாங்காமல் சரிந்தன. சுமார் 30 லட்சம் பேருக்கு மின்சாரம் இல்லை. சிலருக்கு 40 நாட்களுக்கும் மேல், அதுவும் நடுக்குளிரில். கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்கள் இருட்டில் கிடந்த வாரங்களை நினைத்துப் பாருங்கள், ஓரளவு புரியும். மக்கில் பல்கலைக்கழகத்தின் சூசன் கிங், அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களைத் தேடிப்பிடித்தார். எத்தனை நாள் கரன்ட் இல்லை, வீடு மாற நேர்ந்ததா, என்ன சேதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிறந்த பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்தார். அவர்களில் 37 பேருக்கு 13 வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, வயிற்றில் இருந்தபோது அம்மா பட்ட கஷ்டம் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு குறைவாக இருந்தன அவர்களின் சிடி4 எதிர்ப்பு செல்கள். பெண் பிள்ளைகளிடம் ஆஸ்துமாவும் அந்தக் கஷ்டத்தோடு சேர்ந்து கூடியிருந்தது.

சிறிய ஆய்வுதான். ஆனால், அந்த அம்மாக்கள் யாரும் தவறு எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் குளிரில் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மதுவும் கார்ட்டிசாலும் தனித்தனி வழியில் வந்தாலும் ஓரிடத்தில் கைகோக்கின்றன. மது அருந்தினாலே உடம்பில் கார்ட்டிசால் ஏறும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோவன்னா வைன்பெர்க் பல வருடங்களாக எலிகளிடம் இதைப் பார்த்துவருகிறார். கருவிலேயே மதுவுக்கு ஆளான எலிக்குட்டிகள் வளர்ந்த பிறகு சின்னத் தொல்லைக்குக்கூட மற்ற எலிகளைவிட அதிகமாக ஸ்ட்ரெஸ் ஹார்மோனைச் சுரக்கின்றன. மூட்டு வீக்கத்தை உண்டாக்கிப் பார்த்தால், அவற்றுக்கு வீக்கம் கடுமையாக வருகிறது, சீக்கிரம் வடிவதும் இல்லை.

இரவு 10 மணிக்கு மேல்...

அதே குடும்ப நலக் கணக்கெடுப்பில், மது அருந்துவதாகச் சொன்ன தமிழ்நாட்டு ஆண்கள் சுமார் 25 சதவீதம். நான்கில் ஒருவர்.

டாஸ்மாக் மூடுவது இரவு 10 மணிக்கு. ஏழு மாத வயிற்றோடு, பைக் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி படுத்திருக்கும் பெண் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. இன்று எந்த மூடில் வருவாரோ, சத்தம் போடுவாரோ, கை நீட்டுவாரோ, மாதச் சம்பளத்தில் மிச்சம் இருக்குமோ என்ற பயம் மட்டும்தான் அவர் உடம்பில் ஓடுகிறது. கணவர் அடிக்கடி போதையில் வரும் வீடுகளில் மனைவி அடிவாங்குவது மற்ற வீடுகளைவிட மிக அதிகம் என்பதையும் அந்தக் கணக்கெடுப்பு பதிவு செய்திருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத ஹாரன் சத்தம் குரங்குக் குட்டியின் குடல் வரை போனது என்றால், தினமும் இரவில் எப்போது உடையும் என்று தெரியாத இந்த அமைதி எங்கெல்லாம் போகும்?

'சந்தோஷமா இரும்மா' என்று கர்ப்பிணிக்கு ஆலோசனை சொல்வதில் நம் வீடுகளுக்கு ஈடு கிடையாது. வளைகாப்பில் ஐந்து வகைச் சாதமும் கை நிறைய வளையலும் தருகிறோம். சந்தோஷமாக இருக்கவிடாமல் செய்பவரிடம் பேசும் பொறுப்பை மட்டும் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. செக்கப்புக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு போகும்போது, வீட்டு நிலைமையையும் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லலாம். தூக்கமே வருவதில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை நிற்பதில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் வரும் மனச்சோர்வுக்குப் பாதுகாப்பான சிகிச்சை இருக்கிறது.

கர்ப்பம் என்று தெரியாத முதல் வாரங்களில் எங்காவது பார்ட்டியில் குடித்துவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்கள், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அன்றோடு நிறுத்திவிட்டாலே குழந்தைக்கு நன்மைதான். தினமும் அதிகம் குடித்துப் பழகிய பெண் என்றால் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்புகூட வரலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மனநல ஆலோசனைக்கு 14416, வீட்டில் வன்முறை என்றால் பெண்களுக்கான 181, குடியை விட நினைப்பவர்களுக்கு 14446. மூன்றும் கட்டணமில்லா எண்கள். கடைசி எண்ணைக் கணவரின் போனில் சேமித்துவைப்பதை மச்சினரோ, மாமனாரோ, நண்பரோ செய்யலாம். கர்ப்பிணியேதான் செய்ய வேண்டும் என்பதில்லை.